பல்லி விழுந்த முகூர்த்தம்

"செத்துடுச்சா?" என்று கேட்டாள் பிரேமலா, கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடியே.

"மறுபடியும்," என்றாள் தங்கை லோஷினி. பட்டுப்புடவை, ஒட்டியாணம், தலை நிறைய மல்லிகை என்று கல்யாணக் கோலத்தில் உட்கார்ந்து கைப்பேசியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

செத்தது ஒரு பச்சைப் பல்லி. திரையைத் தட்டினால் கூரை தரையாகிவிடும், பல்லி மேலே போய் விழும். இன்னொரு தட்டு தட்டினால் கீழே வரும். இரண்டு பக்கமும் முள், நடுவில் சுழலும் ரம்பங்கள். மொத்தம் அறுபது லெவல். ஐம்பத்தேழு வரை சிரித்துக்கொண்டே வந்துவிடலாம். கடைசி மூன்றும் மனிதரைப் பைத்தியமாக்குவதற்கென்றே செய்தவை. அறுபதாவதில் இன்று காலையிலிருந்து மட்டும் முப்பத்திரண்டு சாவு.

"கல்யாணத்தன்னிக்கு பல்லி இத்தனை தடவை விழுந்தா பஞ்சாங்கத்துல என்னா பலன் போட்டிருக்கும்க்கா?"

"மாமியார் வீட்டு வாசம்னு போட்டிருக்கும். பேசாம விளையாடு லா."

பிரேமலா சொன்னது விளையாட்டுப் பேச்சில்லை. லோஷினிக்கு சிங்கப்பூரில் எட்டு வருஷ வேலை. மலேசிய எல்லையோரம் கெலாங் பாத்தாவில் குடியிருந்தால் பாலத்தைத் தாண்டி தினமும் போய் வரலாம். மாப்பிள்ளை ரூபேந்திரனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். ஆனால் அவன் சிகாமட்டில் அம்மா வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றான். "அம்மா தனி ஆளு. மருமக கூட இருக்கணும்னு ஆசைப்படுவாங்க." அவ்வளவு தூரம் வடக்கே சிகாமட்டுக்குப் போனால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். பேசிப் பேசித் தீராமல், இரண்டு பேரும் விளையாடுகிற இந்தப் பல்லியின் தலையில் கட்டிவிட்டார்கள். தாலி ஏறுவதற்குள் யார் அறுபதை முடிக்கிறார்களோ, அவர்கள் சொல்லும் ஊரில் குடித்தனம். இருவரும் முடிக்காவிட்டால் சிகாமட்.

"அவரும் அறுபதுலதான் நிக்கிறாரு," என்றாள் லோஷினி.

"நிக்கட்டும். மணவறையில உக்கார வச்சு கையில காப்புக் கட்டியாச்சு. போனை எப்படித் தொடுவாரு?"

பந்தயம் கட்டிய புத்திசாலி அதை யோசிக்கவில்லை. மாப்பிள்ளைதான் முதலில் மணவறைக்குப் போக வேண்டும், பெண்ணைக் கடைசியில்தான் அழைப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க லோஷினியுடையது.

"உன் புலி அண்ணனைக் கேளேன்," என்றாள் பிரேமலா.

புலி77 யாரென்று இரண்டு பேருக்கும் தெரியாது. மூன்று வாரத்துக்கு முன்னால் விளையாட்டுக்குள் தானாகவே செய்தி அனுப்பி, ஐம்பத்தெட்டையும் ஐம்பத்தொன்பதையும் சொல்லிக் கொடுத்த புண்ணியவான். 'அண்ணே, மூணாவது ரம்பத்துல சாகுறேன், அவசரம்' என்று தட்டி அனுப்பினாள். பதில் இல்லை.

கதவு திறந்தது. ரூபேந்திரனின் அம்மா மலர் வந்து நின்றார். பிரேமலா கைப்பேசியைப் பூத்தட்டுக்குள் அமுக்கினாள்.

"கூப்பிடுறாங்களா அத்தை?" என்றாள் லோஷினி.

"ஐயர் கூட்டிட்டு வரத்தான் சொன்னாரு. நான்தான் பொண்ணுக்குக் கொண்டை சரியா நிக்கலைன்னு சொல்லி வச்சிருக்கேன். பத்து நிமிஷம் எடுத்துக்க மா. அவசரப்பட்டா எல்லாம் கெட்டுப் போகும்." அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

லோஷினிக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு நல்லவங்களைத் தனியா விடவா நான் இந்தப் பாடு படுறேன்?"

"மை கரையுது, அழாதே. அவ்வளவு பாவமா இருந்தா போனை மூடி வச்சிட்டு சிகாமட்டுக்குக் கிளம்பு."

லோஷினி மூடி வைக்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் எட்டு வருஷ வேலையாயிற்றே. அதற்குள் பூத்தட்டு அதிர்ந்தது. புலி77: 'மூணாவது ரம்பத்துக்கிட்ட தட்டாதே. விழ விடு. பாதி வழியில தட்டு.'

முப்பத்து மூன்றாவது சாவு. முப்பத்து நான்காவதும் போனது. வளையலையெல்லாம் முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். முதல் ரம்பம் தாண்டியது, இரண்டாவதும் தாண்டியது. மூன்றாவதில் தட்டாமல் விட்டாள். பல்லி விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. பிரேமலா கண்ணை மூடிக்கொண்டாள். லோஷினி ஒரே ஒரு தட்டு தட்டினாள். பல்லி முள்ளை உரசிக்கொண்டு மேலே ஏறி, நேராக வாசலுக்குள் போய் மறைந்தது.

அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் ஒட்டியாணம் கழன்று விழுந்தது. நின்றிருந்த கொண்டையும் நிஜமாகவே சரிந்தது. அப்போது பார்த்துத்தான் வெளியே ஐயர், "பொண்ணை அழைச்சிட்டு வாங்க," என்றார்.

மணவறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்ததும் லோஷினி முணுமுணுத்தாள். "முடிச்சுட்டேன்."

"பொய்."

"அக்கா படம் புடிச்சு வச்சிருக்கா. வேணும்னா பாருங்க."

ரூபேந்திரன் ஓமப்புகையில் கண்ணைக் கசக்கினான். புகைதானா என்று தெரியவில்லை. "சரி, சொன்ன சொல்லு சொல்லுதான். ஆனா அம்மாகிட்ட நீதான் சொல்லணும்."

தாலி ஏறியது, அட்சதை விழுந்தது. எல்லாரும் பெண்ணின் முகத்தில் வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அது பாதி சிரிப்பு, பாதி பயம். இருவரும் மலர் காலில் விழுந்து எழுந்தார்கள்.

"அத்தை, ஒரு விஷயம் சொல்லணும்," என்று தொடங்கினாள் லோஷினி. "நாங்க வந்து... கெலாங் பாத்தாவுல..."

திருநீறு பூசும் சாக்கில் மலர் அவள் காதருகே குனிந்தார்.

"தெரியும் மா, நீ அறுபதை முடிச்சது அப்பவே என் போன்ல வந்துடுச்சு. இருபத்தெட்டு வருஷமா இவனுக்கு ஆக்கிப் போட்டாச்சு, இனிமே அந்த வீடு எனக்கே எனக்கு. நீங்க வர்றதா இருந்தா, முதல்ல புலிக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டு வாங்க."