இருபத்தேழாம் பிரிவு

"மனசார கையெழுத்து போட்டப்புறம் அந்த ஒப்பந்தம் எப்படி மேடம் செல்லாம போகும்?"

வாணியம்பாடியில் ஞாயிற்றுக்கிழமை வணிகச் சட்ட வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். தௌசீப் அகமது மட்டும் நகர்வதாக இல்லை. பாதியில் விட்ட பட்டப்படிப்பை நாற்பது வயதுக்கு மேல் முடிக்க வந்தவர். பாடம் எடுக்கும் கிறிஸ்டினாவுக்கு இருபத்தாறு. சின்னப் பெண்ணிடம் சந்தேகம் கேட்க அவர் கூச்சப்பட்டதே இல்லை.

"எந்த ஒப்பந்தம் சார்?"

"ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனி. அங்க ஷூவுக்கு மாடல் வரைஞ்சு வெட்டித் தர்ற பேட்டர்ன் மாஸ்டர் ஒருத்தர் இருக்காரு. வேலையை விட்டாலும் ரெண்டு வருஷம் வேற எந்த ஷூ கம்பெனிக்கும் போகக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்கு. இப்ப பக்கத்து கம்பெனி கூப்பிடுது. போனா கேஸ்னு வக்கீல் நோட்டீஸும் போயாச்சு."

'ஒருத்தர் இருக்காரு' என்று ஆரம்பிப்பவர்களில் பாதிப் பேர் சொந்தக் கதையைத்தான் சொல்வார்கள். கிறிஸ்டினா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"வேலையில இருக்கற வரைக்கும் கட்டுப்படுத்தலாம் சார். விட்டப்புறம் முடியாது. ஒருத்தர் பிழைப்பைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாதுன்னு ஒப்பந்தச் சட்டத்தோட இருபத்தேழாம் பிரிவு சொல்லுது."

"கம்பெனி செலவுல இத்தாலி போய் கத்துக்கினு வந்த வேலை மேடம்."

"கம்பெனி டிசைனை எடுத்துக்கினு போகக்கூடாது, சரி. கைக்கு வந்த தொழிலை எங்க கழட்டி வெச்சுட்டுப் போறது? ரெண்டு வருஷம் அவரு இன்னா செய்வாரு, ஏலகிரிக்குப் போய் பலாப்பழம் விப்பாரா?"

தௌசீப் சிரிக்கவில்லை. சரியாகத் தூங்கிப் பல நாள் ஆன முகம். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"இருபது வருஷம் ஒரே இடம் மேடம். பிரியறதுன்னா லேசா? வக்கீலைக் கேட்டா, நான் கேக்க ஆசைப்படறதையே சொல்றாரு. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"சட்டம் இதுதான் சார். யாரும் பயப்பட வேண்டியதில்லை."

அவர் நோட்டை மூடிவிட்டு எழுந்தார். "உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத விஷயத்துக்கு இவ்ளோ பொறுமையா சொன்னீங்க. நாளைக்கே நோட்டீஸை வாபஸ் வாங்கிட்டு, மாஸ்டரை மரியாதையா அனுப்பி வெச்சுடறேன். மொதலாளின்னு வீம்பா இருந்துட்டேன் மேடம்."

அவருடைய கார் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்து கிறிஸ்டினா போனை எடுத்தாள்.

"அப்பா, நாளைக்கு உங்க மொதலாளி கூப்பிடுவாரு. ஒண்ணும் தெரியாத மாதிரி போங்க."