பூண்டுக் குல்லா

காலையில் எழுந்ததும் தலையிலிருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றினேன். பூண்டும் ஆலிவ் எண்ணெயும் ஊறிப் புளித்த வாடை அறை முழுக்கப் பரவியது. வழுக்கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஒரு முடிகூட முளைத்திருக்கவில்லை.

ரொட்டி கொண்டுவந்த அக்கா மப்ரூக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னுமாடா இந்தக் கருமம்? ராத்திரியெல்லாம் தலையை அடைகாத்தா முடி குஞ்சு பொரிக்குமா?"

"சூடு இருந்தா வளரும்னு சலூன்காரர் சொன்னாரேக்கா."

"துனிஸ்லயே பெரிய வழுக்கை அந்தாளுக்குத்தான்!" என்று சிரித்தவள், படுக்கையின் காலியான பாதியைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"இனி யாருக்குடா முடி? நாளைக்கு ஸல்வாவோட நாற்பதாம் நாள். சாகும்போது வாயில கலிமாவோட போனாள்னு நீ சொன்னதை அவ அம்மா மறுபடியும் கேட்பாங்க. இந்த நாத்தத்தோட போய் நிக்காதே."

தலையாட்டினேன். அந்தக் கலிமா மாமியாருக்காக நான் சொன்ன பொய்.

அவள் இறந்த இரவும் இந்தக் குல்லாவோடுதான் என் மனைவியின் பக்கத்தில் படுத்தேன். அவள் சொன்னபடியே செய்துவிட்டுத் தூங்கிப்போனேன். விடிந்தபோது என் தலை சூடாக இருந்தது. அவள் உடல் சில்லிட்டிருந்தது.

அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"ச்சீ, நாறுது. அந்தப் பக்கம் திரும்பிப் படு."