திக்கும் பெயர்

"யாருடி போன்ல?"

"ம... ம... மரியலூர்து. பா... பாட்டு பிராக்டிஸுக்கு வ... வரச் சொன்னாரு."

அந்தப் பெயரில் அவள் நாக்கு சிக்கியதும் டேவிட் ராஜுக்குச் சந்தேகம் வலுத்தது. மரியலூர்து மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பவன். அவன் வாசிக்க மேரி ஷாலினி பாடும்போதெல்லாம், தாலி கட்டிய தான்தான் வேற்று ஆள் என்று டேவிட் ராஜுக்குத் தோன்றும். சிப்காட் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் போட்டால், வீட்டில் அவள் தனியாக இருப்பதை நினைத்து வேலையே ஓடாது.

"பொய் சொல்றவதான் திக்குவா. டாக்டரே சொல்லட்டும்" என்று, லீவு போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினான்.

நரம்பு டாக்டர் அறிவுமதி மேரி ஷாலினியைப் பார்த்துக் கேட்டார். "எப்பலருந்தும்மா திக்குது?"

டேவிட் ராஜ்தான் பதில் சொன்னான். "ரெண்டு மாசமா டாக்டர், சாம்பல் புதனுக்கு மறுநாள்லருந்து. அதுக்கு முன்னால கிளியாட்டம் பேசுவா. மனசுல கள்ளம் இருந்தா திக்கும்ல?"

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. கிழமைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னார், திக்கியது. சிறுவயதிலிருந்து மனப்பாடமான ஜெபத்தைச் சொல்லச் சொன்னார், அதுவும் திக்கியது. பாடச் சொன்னார். குரல் இனிமையாகத்தான் வந்தது, ஆனால் வார்த்தை உடைந்து உடைந்து விழுந்தது.

"பயத்துல திக்குறவங்களுக்குப் பாடும்போது பெரும்பாலும் திக்காது. இவுங்களுக்கு எல்லாத்துலயும் ஒரே மாதிரி திக்குது. மூளையில ஏதோ பாதிப்பு மாதிரி தெரியுது. ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

வராந்தாவில் ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது டேவிட் ராஜுக்கு மூச்சே லேசானது. அப்படியானால் மரியலூர்து இல்லை! ரெண்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் கையைப் பிடித்தான்.

"ஸாரிடி. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்."

ஸ்கேனுக்குப் பெயர் கூப்பிட்டதும் அவள் எழுந்து போனாள்.

சாயங்காலம் டாக்டர் பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எடது பக்கம் ரத்தம் கட்டின அடையாளம் இருக்கு. தலையில பலமா அடிபட்டுச்சா?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா டாக்டர்." டேவிட் ராஜ் அவள் கையை மறுபடி பிடித்தபடி முந்திக்கொண்டான்.

"அவுங்களே சொல்லட்டும். எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல."

மேரி ஷாலினி தன் கையை உருவிக்கொண்டாள்.

"வி... விழல டாக்டர். இ... இவருதான் எ... என் தலையப் புடிச்சி செ... செவுத்துல மோ... மோதுனாரு."