செட்டியார் மீசை

பொங்கல் பானைக்குப் பூ வரைந்து, கார்த்திகை அகலுக்குக் காவி பூசி, வருஷம் முழுக்க உழைத்தாலும் தூரிகைக்குப் புரட்டாசி வந்தால்தான் குஷி. அப்போதுதான் கொலு பொம்மைகள் பரணிலிருந்து இறங்கும்.

இந்த வருஷம் முதலில் வந்து உட்கார்ந்தவர் மளிகைக்கடைச் செட்டியார் பொம்மை.

"மீசை கொஞ்சம் வெளுத்திருக்கு. லேசாத் தொட்டா போதும்," என்றார்.

தூரிகை இடது மீசையைத் தொட்டது. அது வலதைவிடத் தடித்துவிட்டது. வலதைத் தடிக்க வைத்ததில் அது நீண்டுவிட்டது. உடனே இடதையும் இழுத்துவிட்டது.

"போதும்ப்பா! படியில எல்லாரும் ஏறிட்டாங்க. நான் கடை விரிக்க வேண்டாமா?"

"அசையாதீங்க செட்டியாரே, ஒரு நூல்தான் வித்தியாசம்."

மீசை கன்னத்தைத் தாண்டிக் காதைத் தொட்டது. பக்கத்திலிருந்த ஆச்சி பொம்மை, தன் புருஷனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"பருப்பு வாங்க வர்றவங்க, ஐயனார்னு கற்பூரம் ஏத்திட்டுப் போகப்போறாங்க! இந்தத் தூரிகைகிட்ட யாராவது மூஞ்சியைக் கொடுப்பாங்களா?"

தூரிகை திரும்பி அவளை உற்றுப் பார்த்தது.

"ஆச்சி, உங்க பொட்டு ஒரு நூல் இடது பக்கம் தள்ளியிருக்கே?"

ஆச்சியின் சிரிப்பு சட்டென்று நின்றது. எதிரே இருந்த எவர்சில்வர் தட்டில் முகத்தைப் பார்த்தாள். இப்படித் திரும்பிப் பார்த்தாள், அப்படித் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு தூரிகைக்கு அருகில் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"லேசாத் தொட்டா போதும்."