ஏழாம் நம்பர் பெட்டி

"இந்த ஆபீஸ்ல ஒருத்தர் என் தலையில மிளகாய் அரைக்கறாங்க. பேர் சொல்ல விரும்பல. அந்த ஒருத்தர் தானா எழுந்து போயிட்டா மரியாதை."

முதலாளி பேர் சொல்லாவிட்டாலும் யாருக்கும் குழப்பம் வரவில்லை. வீட்டு வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில் வேலை செய்வதே இரண்டு பேர்தான். ஒருவர் பதினோரு வருடமாக இருக்கும் அக்கா. இன்னொருவர் இரண்டு மாதம் முன்பு சேர்ந்த புதியவர். வேலைக்குத்தான் புதிது, வயது ஐம்பத்திரண்டு. சொந்தத் தொழில் மூழ்கிப்போய், இங்கே மூன்று மாத சோதனைக் காலத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா தலையைத் திருப்பவில்லை. கட்டி முடித்த வீடு எப்படி இருக்கும் என்று காட்டும் வண்ணப்படம் அவர் கம்ப்யூட்டரில் தயாராகிக்கொண்டிருந்தது. முப்பத்தேழு சதவீதம். அது நூறைத் தொடும்வரை அந்த மெஷினில் வேறு எதையும் தொட முடியாது.

"பாருங்க, இப்பவும் கையைக் கட்டிக்கிட்டுதான். எப்ப எட்டிப் பார்த்தாலும் இதே கோலம். போன மாசம் அவர் பத்து வீடு முடிச்சார். நீங்க ஆறு."

"படம் ஓடிட்டிருக்கு சார்."

"அவருக்கும்தான் ஓடுது. அவருக்கு அஞ்சாம் நம்பர் மெஷின். உங்களுக்கு ஏழாம் நம்பரைக் கொடுத்து வெச்சிருக்கேன். அப்படியும் ஆறு."

இரண்டும் பழைய கம்ப்யூட்டர் கடையில் ஒரே நாளில் வாங்கியவை. உள்ளே என்ன பிராசஸர் என்று முகப்பில் ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றில் ஏழு, இன்னொன்றில் ஐந்து.

"அடுத்த மாசத்திலேர்ந்து ஒரு நாற்காலிக்குத்தான் வேலை இருக்கு. யாரை வெச்சுக்கறதுன்னு எனக்கு யோசனையே வேண்டாம்னு பண்ணிட்டீங்க."

நாற்பத்தாறு வயதில் இன்னொரு நாற்காலி கிடைப்பது லேசில்லை. அக்கா கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். முப்பத்தெட்டு சதவீதம்.

முதலாளி அக்காவின் மேசைக்கடியில் குனிந்தார். அங்கே கம்ப்யூட்டர் மெக்கானிக் காலையிலிருந்து தூசி தட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இந்தப் படம் முடிஞ்சதும் ஏழாம் நம்பரைக் கழட்டி அவர் மேசைக்கு மாத்திடு. பத்து போடறவர் பதினஞ்சு போடட்டும்."

"வேண்டாம் சார். அப்புறம் அவரும் கையைக் கட்டிக்கிட்டு உட்காருவார்."

"என்னடா சொல்றே?"

மெக்கானிக் தலையை வெளியே நீட்டினான். "இது ஏழுதான், ஆனா ரொம்பப் பழைய ஏழு சார். உள்ள வேலை செய்யற கோர் நாலுதான். அது அஞ்சுதான், ஆனா ஏழெட்டு வருஷம் பின்னால வந்தது, ஆறு கோர். நாலு பேர் மண் சுமக்கறதும் ஆறு பேர் சுமக்கறதும் ஒண்ணா? இந்த நாலு பேருக்கும் வயசு வேற ஆயிடுச்சு. இதுல நாப்பது நிமிஷம் ஓடற படம் அதுல இருபத்தஞ்சுல முடிஞ்சுடும். கரண்டும் அது கம்மியாத்தான் குடிக்கும்."

"ஸ்டிக்கர்ல ஏழுன்னு போட்டிருக்கே."

"ஏழுக்குப் பின்னாடி குட்டியா இன்னொரு நம்பர் வரும் சார். எந்தக் காலத்துச் சரக்குன்னு அதுதான் சொல்லும். அதை யாரும் படிக்கறதில்ல."

"எனக்கே பாடம் எடுக்கறியா? ஏழாம் நம்பரை, அஞ்சாம் நம்பரை விடக் கம்மி விலைக்கு அடிச்சுப் பேசி வாங்கினவன் நான். கடைக்காரன் அழாத குறை."

"டீ வாங்கிக் கொடுத்தாரா சார்?"

முதலாளி யோசித்தார். "பிஸ்கட்டும்."

"அப்ப சரி."

முதலாளியின் காது சிவந்தது. தோற்றுப்போன பேரத்தை யார் தலையிலாவது இறக்கியாக வேண்டும். அக்காவிடம் திரும்பினார்.

"மெஷின் மந்தம்னா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? வாயை வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

"எனக்குத் தெரியாது சார்."

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க?" என்றான் மெக்கானிக். "போன தடவை நானே சொன்னேனே, நீங்க சீனியர், அந்த அஞ்சாம் நம்பர் பெட்டியை உங்க மேசைக்கு மாத்தித் தர்றேன்னு."

"தம்பி, நீங்க தூசியைத் துடைங்க."

"நீங்கதானேக்கா வேண்டாம்னீங்க? அவர் சோதனைக் காலத்துல இருக்கார், எத்தனை வீடு முடிச்சார்னு எண்ணுவாங்க, பதினோரு வருஷம் ஆன என்னை யார் எண்ணப் போறாங்கன்னு..."

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு சதவீதம்.

புதியவர் எழுந்தார். இந்த இரண்டு மாதத்தில் அவர் குரலை யாரும் சரியாகக் கேட்டதில்லை. வேலை தேவைப்படுகிறவன் பேச மாட்டான். குனிந்து தன் கம்ப்யூட்டரின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் மேசையில் வைத்தார்.

"சார், எனக்கு இன்னும் ஒரு மாசம் சோதனைக் காலம் பாக்கி இருக்கு. அதனால நானும் பேர் சொல்லாமலே சொல்றேன்."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த ஆபீஸ்ல ஒருத்தர் ஸ்டிக்கரைப் பார்த்து மெஷின் வாங்கினார். ஆளையும் அப்படியே எடை போட்டுட்டார். அந்த ஒருத்தர் தானா எழுந்து வந்து, இந்த அம்மாகிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லி, இதைச் சரி பண்ணிட்டா மரியாதை."