போறேன்

சொந்த வீடு வாங்கக் கடன் வேண்டுமென்றால் கதிரேசனும் மனைவி பூங்கொடியும் வங்கியில் மதிப்பெண் சேர்க்க வேண்டும். அவர்கள் பேசுவதையெல்லாம் வங்கி கைப்பேசி வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும். சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் மதிப்பெண் ஏறும். ஓர் உறவுக்காரர் வீட்டில் "போயிட்டு வரேன்" என்று விடைபெற்றுவிட்டு மறுபடி போகாததற்கே அவனுக்கு இறங்கிவிட்டது.

இருவரும் சண்டை போட்டதற்கு மறுநாள் பூங்கொடி பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"அம்மா வீட்டுக்குப் போறேன்."

"வரேன்னு சொன்னாத்தான் என்ன?"

"மார்க் போயிடும்ங்க. கடன் வேண்டாமா?"

"திரும்பி வந்துட்டா எப்படிப் போகும்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். கதிரேசன் இருவரின் கைப்பேசிகளையும் அணைத்தான்.

"இப்ப யாரும் கேக்கல. சொல்லு."

அணைந்த கைப்பேசிகளைப் பார்த்தவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"போறேங்க" என்றாள்.