இரண்டாவது பொட்டலம்

சின்னராஜ் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியையே வைத்துக் கட்டினான்.

கிணற்றடியில் யாரும் இல்லை. வாழையிலைக் கிழிசலை மடித்து, நாரைச் சுற்றி, முடிச்சுப் போட்டான். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன.

வெள்ளை வந்தால் சுவாமிநாதன். சிவப்பு வந்தால் பச்சமுத்து. யாரோடு கூட்டுச் சேர்ந்து வாடகைச் சைக்கிள் கடை வைப்பது என்பதைக் கோயிலில் பூக்கேட்டுப் பார்க்கலாம், அம்மனே சொல்லட்டும் என்று பேச்சு. அந்தப் பேச்சை எடுத்ததே சின்னராஜ்தான்.

சுவாமிநாதனின் அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளிக்கடை. நாலு சீமைச் சைக்கிள் இறக்கித் தருகிறேன், ஆனால் பங்கு ரெண்டுதான், மூணாவது ஆள் ஆகாது என்று அவன் கறாராகச் சொல்லிவிட்டான்.

பச்சமுத்துவிடம் என்ன இருக்கிறது? பஞ்சர் ஒட்டத் தெரிந்த கை இருக்கிறது. மூன்றாம் பாரம் வரை சின்னராஜோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். “கடை போடலாம், வாடா” என்று இவன் கூப்பிட்டதை நம்பி, சேலத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு நாமகிரிப்பேட்டைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான்.

அவனிடம் போய் நீ வேண்டாம் என்று சொல்ல சின்னராஜுக்கு வாய் வரவில்லை. பழியை அம்மன் தலையில் கட்டிவிடலாம் என்று பார்த்தான். அவ்வளவுதான் அவன் பக்தி.

கோயிலில் மூன்று பேரும் நின்றார்கள். பூசாரி மருதாசலம் பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, விளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்த ஒரு சிறுமியைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்.

வெள்ளை.

சுவாமிநாதன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பச்சமுத்து அம்மனைக் கும்பிட்டான். அப்புறம், “ஆத்தா சொன்னா சரிதானுங்க,” என்றான்.

சின்னராஜ் நகரப் பார்த்தான்.

“இரு சாமி,” என்றார் பூசாரி. “இன்னொண்ணையும் பிரிச்சுப் பாக்கோணும். இல்லீன்னா நாளைக்குப் பேச்சு வரும். பூ கெடைக்காதவந்தான் பிரிக்கோணும்.”

சின்னராஜ் நின்றுவிட்டான். இப்படி ஒரு வழக்கம் இருப்பது அவனுக்குத் தெரியாது. இதற்கு முன் அவன் பூக்கேட்டிருந்தால்தானே?

பச்சமுத்து நாரை அவிழ்த்தான். இலையை லேசாக விலக்கி உள்ளே பார்த்தான். நிமிர்ந்து சின்னராஜைப் பார்த்தான். இலையோடு சேர்த்துக் கையை மூடிக்கொண்டான்.

“செவப்புத்தானுங்க.”

பூசாரி குங்குமம் எடுக்கத் திரும்பினார். சுவாமிநாதன், சந்தைக்குப் பக்கத்தில் எந்த இடத்தைப் பிடிக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டான். பச்சமுத்து மூடிய கையோடு படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தான்.

சின்னராஜ் ஓடிப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

“கையைத் தொற.”

“உடு சின்னராசு. அதான் நெனச்சது உனக்கு வந்திருச்சில்ல.”

“தொறடா.”

ஜெயித்த பிறகும் அவனை ஏன் வம்புக்கு இழுக்கிறாய் என்று சுவாமிநாதன் கேட்டான். சின்னராஜ் காதில் வாங்கவில்லை. விரல் விரலாகப் பிரித்தான்.

கசங்கிய வெள்ளை அரளி.

“ரெண்டுலயும் வெள்ளைதானுங்க சாமி. நாந்தான் வெச்சேன்,” என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

பூசாரி எடுத்த குங்குமத்தைத் தட்டிலேயே போட்டார். அம்மனையே ஏமாற்றுகிறவன் என்னை விட்டுவைப்பானா என்று கேட்டுவிட்டு, சுவாமிநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான். அவன் பின்னாலேயே நாலு சீமைச் சைக்கிளும் போயின.

சின்னராஜ் பிடித்த கையை விடவில்லை.

“ஒரே ஒரு ஓட்டைச் சைக்கிளை வெச்சாவது ஆரம்பிக்கலாம். எங்கூட நீ வாரியா?”

பச்சமுத்து அவனை மேலும் கீழும் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“வாரேன்,” என்றான். “ஆனா கல்லாச் சாவி எங்கிட்டத்தான் இருக்கும்.”